பாலாற்றங்கரையின் உப்புக் கணக்கு

சுற்றுச்சூழல் என்றதும் மரம் நடுவிழாதான் பலருக்கு நினைவு வரும். நடட்டும், நல்லதுதான். ஆனால் சுற்றுச்சூழல் அறிவியலின் அரிச்சுவடியைப் படிக்க வேண்டுமென்றால் நான் உங்களைத் தோல் பதனிடும் ஊர்களான வாணியம்பாடிக்கும் ஆம்பூருக்கும் கூட்டிப்போவேன். பாலாற்றங்கரையில் அந்தப் பாடத்தை உப்பு நடத்துகிறது.

ஆட்டையோ மாட்டையோ உரித்த தோல் சில மணி நேரத்திலேயே கெட ஆரம்பித்துவிடும். எங்கோ ஓர் ஊரில் உரித்தது லாரி ஏறித் தோல் பதனிடும் ஷாப்புக்கு வந்து சேரும்வரை தாங்க வேண்டுமே! அதற்காக உப்பை அள்ளித் தேய்க்கிறார்கள். எவ்வளவு தெரியுமா? தோலின் எடையில் ஏறக்குறைய 40 சதவீதம். ஷாப்புக்கு வந்ததும் முதல் வேலை, தோலைத் தண்ணீரில் ஊறப்போட்டு அந்த உப்பையெல்லாம் வெளியேற்றுவது. அதற்குப் பிறகுதான் சுண்ணாம்பு, மயிர் நீக்கல், பதனிடல் எல்லாம். ஒரு காலத்தில் ஆவாரம் பட்டையும் கடுக்காயும் போட்டு நாள்கணக்கில் பதனிட்டார்கள். 1970களுக்குப் பிறகு குரோம் பதனிடல் வேகமாகப் பரவியது. வேலை சீக்கிரம் முடிந்தது. குரோமைப் பற்றி நிறையப் பேசியிருக்கிறோம், அதற்குக் காரணமும் உண்டு. ராணிப்பேட்டையில் மூடிக்கிடக்கும் ஒரு குரோமேட் ஆலை விட்டுச் சென்ற கழிவே லட்சம் டன்னுக்கு மேல். சமையலறைச் சாமான் என்பதாலோ என்னவோ, உப்பைப் பார்த்து யாரும் பயப்படவில்லை.

அரிச்சுவடியின் முதல் எழுத்து இதுதான்: கழிவு 'போய்விடுவதில்லை', இடம் மாறுகிறது. தோலிலிருந்து கரைந்து வரும் சதை, கொழுப்பு போன்றவற்றைச் சுத்திகரிப்புத் தொட்டியில் பாக்டீரியாக்கள் தின்று தீர்த்துவிடும். உப்பைத் தின்ன எந்தக் கிருமியும் முன்வராது. ரசத்தில் உப்புக் கூடிப்போனால் என்ன செய்கிறோம்? உப்பை வெளியே எடுக்க முடியாது, தண்ணீரைத்தான் ஊற்றுகிறோம். பாலாற்றில் ஊற்றத் தண்ணீர் ஏது? வருடத்தில் பெரும்பகுதி அது மணலாறு. நீர் மணலுக்கு அடியில்தான் ஓடுகிறது. மேலே விட்ட கழிவுநீர் மெல்ல இறங்கி, அதே மணலை நம்பியிருக்கும் கிணறுகளுக்குப் போய்ச் சேர்ந்தது.

அந்தக் கிணற்று நீரைப் பாய்ச்சிய நிலத்தில் ஈரம் இருக்கும், பயிர் மட்டும் வாடி நிற்கும். மண்ணிலுள்ள நீர் வேருக்குள் இருப்பதைவிட உப்பாகிவிட்டால் வேரால் அதை உறிஞ்ச முடியாது. சோடியம் சேரச் சேரக் களிமண்ணின் பொலபொலப்பும் போய், காய்ந்ததும் தரை இறுகிவிடும்.

இந்த மாசை எதிர்த்து வேலூர் குடிமக்கள் நல மன்றம் 1991இல் உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. 1996 ஆகஸ்ட் 28 அன்று நீதிபதி குல்தீப் சிங் தலைமையிலான அமர்வு தீர்ப்பளித்தது. தோல் தொழில் மண்டலத்தில் சுமார் 35,000 ஹெக்டேர் விளைநிலம் முழுதாகவோ ஓரளவோ பயிருக்கு உதவாமல் போனதை அந்தத் தீர்ப்பு பதிவு செய்திருக்கிறது. தோல் தொழில் அந்நியச் செலாவணி ஈட்டுகிறது, ஊருக்கு வேலை தருகிறது என்பதையும் நீதிமன்றம் மறுக்கவில்லை. அங்கேதான் 'நீடித்த வளர்ச்சி' என்ற கருத்து வருகிறது. நார்வே பிரதமராக இருந்த புருண்ட்லாண்ட் அம்மையாரின் தலைமையில் ஐ.நா. அமைத்த ஆணையம் 1987இல் அதற்கு விளக்கம் தந்தது: இன்றைய தேவையை நிறைவேற்றிக்கொள், ஆனால் நாளை வருகிறவர்கள் தங்கள் தேவையைத் தீர்த்துக்கொள்ளும் வழியை அடைத்துவிடாதே. மேடையில் கேட்க இனிமையான வாசகம். வேலூர் வழக்கில் அதற்குப் பல் முளைத்தது. மாசு செய்தவரே இழப்பீட்டையும் நிலத்தை மீட்கும் செலவையும் ஏற்க வேண்டும். கேடு வரும் என்று முழுதாக நிரூபணமாகும்வரை அரசு கைகட்டி நிற்கக் கூடாது. கேடு இல்லை என்று காட்டுவது ஆலை நடத்துபவரின் பொறுப்பு. இவையெல்லாம் இந்த நாட்டுச் சட்டத்தின் பகுதிதான் என்று நீதிமன்றம் அறிவித்தது. ஒவ்வோர் ஆலைக்கும் 10,000 ரூபாய் அபராதமும் விதித்தது. இன்றைக்கு நல்ல தோல் பூட்ஸ் ஒரு ஜோடி அந்த விலை!

பிறகு பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் பெருகின. கழிவுநீரை ஆர்.ஓ. முறையில் வடிகட்டி, நல்ல நீரைத் திரும்ப ஆலைக்கே அனுப்புகிறார்கள். எஞ்சும் கரிப்பு நீரைக் காய்ச்சி வற்றவைக்கிறார்கள். பெரிய முன்னேற்றம்தான், சந்தேகமில்லை. ஆனால் வற்றியபின் மிஞ்சுவது என்ன? நாம் தேய்த்த அதே உப்பு, இப்போது வேறு ரசாயனங்களும் கலந்து, வாங்க ஆளில்லாமல் கொட்டகையில் குவிந்திருக்கிறது. நிலையங்களைக் கட்டினால் போதாது, கண்காணிக்கவும் வேண்டும். 2015 ஜனவரியில் ராணிப்பேட்டை சிப்காட்டில் அப்படிப்பட்ட ஒரு நிலையத்தின் கழிவுத் தொட்டிச் சுவர் இடிந்து பத்துத் தொழிலாளர்கள் இறந்தார்கள்.

2025 ஜனவரியில் வேலூர் விவகாரம் மறுபடி உச்ச நீதிமன்றத்தில் வந்து நின்றது. பாதிக்கப்பட்டவர்களுக்கு அரசு முதலில் இழப்பீட்டைக் கொடுத்துவிட்டு, மாசு செய்தவர்களிடம் வசூலித்துக்கொள்ள வேண்டும் என்று நீதிமன்றம் சொன்னது. முதல் தீர்ப்பு வந்தபோது பிறந்த குழந்தைக்கு அப்போது வயது இருபத்தெட்டு.

உப்பைத் தொடக்கத்திலேயே குறைக்க வழி உண்டு. உரித்த தோலைக் குளிர்பதனத்தில் வைக்கலாம். ஊறப்போடும் முன் உதறி, ஒட்டியிருக்கும் உப்பில் ஒரு பங்கை உலர்ந்த நிலையிலேயே எடுத்துவிடலாம். குளிர்பதனத்துக்கு மின்சாரம் வேண்டும், ஆடு, மாடு வெட்டுமிடங்களோ நாடெங்கும் சிதறிக் கிடக்கின்றன. உப்பு மலிவு. அதன் விலையில் பாலாற்றுக் கிணறுகளின் நஷ்டத்தை இதுவரை யாரும் சேர்க்காததால்தான் அது மலிவு. அந்த நஷ்டமும் விலையில் ஏறினால், குளிர்பதனப் பெட்டி அவ்வளவு செலவாகத் தெரியாது.