குளிர் நாட்டில் மிளகாய்ச் செடி

(தோட்டக் கிளையின் மாதக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



சந்தாக் கணக்கும் சம்பளப் பேச்சும் முடிந்துவிட்டன. எஞ்சிய நேரத்தில் மிளகாய்ச் செடியைப் பற்றிச் சில வார்த்தைகள் சொல்ல அனுமதி கேட்டோம். சிலர் சிரித்தீர்கள். லயத்துக் கொல்லையில் காய்ந்த மிளகாயை உதறினால் தானே முளைக்கிறது, அதற்கு ஒரு சொற்பொழிவா என்று கேட்டீர்கள். நியாயமான கேள்விதான். நம் ஊர் வெயிலில் மிளகாய்க்கு ஆசிரியர் வேண்டியதில்லை. குளிர் நாட்டில் வேண்டும். அதை இன்று நாம் பேச வருவதற்குக் காரணம், இந்த விஷயத்தில் நாம் செய்த ஒரு தவறு.

முப்பது ஆண்டுகள் பால் வெட்டிய தாயார் ஒருவர் நம் தோட்டத்தில் இருக்கிறார். அவர் மகள் இங்கிலாந்தின் வடபகுதியில் தாதியாக வேலை பார்க்கிறாள். இரவு வேலை முடித்துத் தனியாக வந்து சமைத்துச் சாப்பிடுகிற பெண். அங்கே கடையில் மிளகாய் கிடைக்காமல் இல்லை. என்றாலும் அம்மா வீட்டில் இருந்ததுபோல் வாசலில் ஒரு செடி இருக்கவேண்டும் என்று அவளுக்கு ஆசை. சம்பள நாளன்று தாயார் அலுவலகத்துக்கு வந்து, "கிராணி ஐயா, மொளகா எப்புடிப் போடணும்னு பிள்ளை கேக்குது. அந்த ஊருக்கு ஏத்த மாதிரி கொஞ்சம் சொல்லுங்களேன்" என்றார். நாம் பேரேட்டிலிருந்து தலையைத் தூக்காமலே, "மண்ணைக் கொத்தி விதையைத் தூவச் சொல்லுங்க அக்கா, பத்து நாளில் முளைக்கும்" என்றோம்.

அந்தப் பெண் அப்படியே செய்தாள். ஏப்ரல் மாதம் வாசல் மண்ணில் விதை தூவினாள். ஒன்றும் முளைக்கவில்லை. கடையில் இரண்டு நாற்று வாங்கி வைத்தாள். ஒரே இரவு உறைபனி விழுந்தது. காலையில் இரண்டும் கறுத்துத் தொங்கின. மூன்று மாதம் கழித்து இச்செய்தி நமக்குத் தெரியவந்தது. அப்போதும் தாயார் நம்மைக் குறை சொல்லவில்லை. "கிராணி ஐயா சொன்னது தப்பா இருக்காது. எம் பிள்ளைக்குத்தான் கைராசி இல்ல" என்றார். தோழர்களே, அவர் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

அன்றிலிருந்து இதைப் படித்தும் விசாரித்தும் அறிந்துகொண்டோம். அறிந்ததை உங்கள் முன் வைக்கிறோம்.

மிளகாய் வந்த வழி

மிளகாய் நம் முன்னோரின் செடி என்று நினைக்கிறோம். அப்படி இல்லை. அதன் தாய்நாடு அமெரிக்கக் கண்டம். 1498ஆம் ஆண்டு போர்த்துக்கீசியர் கப்பல்கள் இந்தியக் கரையைத் தொட்டதற்குப் பிறகே அது நம்மவர் அடுப்படிக்கு வந்தது. அதற்கு முன் நமக்குக் காரம் தந்தது மிளகு. மிளகைப்போல் காரமான காய் ஆதலால் மிளகாய் என்று பெயர் வைத்தார்கள். நம்மைப்போல் அதுவும் கப்பலேறி வந்ததுதான்.

ஆகவே அது புது ஊருக்குப் பழகாத செடி அன்று. ஆனால் வெப்பம் கேட்கிற செடி. விதை முளைக்க மண்ணின் சூடு 25 முதல் 30 பாகை செல்சியஸ் வரை வேண்டும். 15 பாகையில் விதை வாரக்கணக்கில் உறங்கும். ஈரத்தில் அழுகியும் போகும். இரவில் 10 பாகைக்குக் கீழ் போனால் வளர்ச்சி நின்றுவிடும். இரவுக் குளிர் 15 பாகைக்குக் கீழே தொடர்ந்து இருந்தால் பூப்பூத்தும் பிஞ்சு பிடிக்காமல் உதிரும். உறைபனி பட்டால் செடியே போயிற்று. நம் பதிலை நம்பி அந்தப் பெண் விதைத்த ஏப்ரல் மண் எப்படி இருந்திருக்கும் என்று நீங்களே எண்ணிப் பாருங்கள்.

பால் மரம் சொல்லும் பாடம்

அப்படியானால் குளிர் நாட்டில் வெப்பநாட்டு விதை முளைக்காதா? இதற்கு விடை நாம் தினமும் கத்தி வைக்கிற மரத்திலேயே இருக்கிறது. 1876இல் ஹென்றி விக்கம் என்பவர் பிரேசில் நாட்டிலிருந்து சுமார் 70,000 ரப்பர் விதைகளைக் கப்பலில் கொண்டுபோய் இறக்கியது எங்கே? லண்டனில் உள்ள கியூ தாவரவியல் பூங்காவில். அங்கே சூடேற்றிய கண்ணாடி வீடுகளுக்குள் அவற்றை விதைத்தார்கள். முளைத்தவை சுமார் 2,700தான். அவற்றில் பெரும்பாலானவை இலங்கைக்குப் போயின. 1877இல் 22 கன்றுகள் சிங்கப்பூருக்கு வந்தன. அவற்றில் சில பேரா மாநிலத்துக் கோலகங்சாரில் நடப்பட்டன. அந்தப் பழைய நடவின் ஒரு மரத்தை இன்றும் அவ்வூரில் காணலாம்.

நம் தாத்தாமார்களை இந்நாட்டுக்கு இழுத்துவந்த மரம் குளிர் நாட்டுக் கண்ணாடி வீட்டில் கண்விழித்த மரம்! வெளியே என்ன குளிர் இருந்தாலும் விதையைச் சுற்றி இரண்டடிக்குள் சூடு இருந்தால் போதும் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டுமா? ரப்பருக்குச் செய்ததை மிளகாய்க்கும் செய்யலாம். அதற்குக் கண்ணாடி வீடும் தேவையில்லை. ஒரு சன்னல் போதும்.

செய்யும் முறை

முதலாவது, காலம். வெளியே பனி நீங்கும் வரை காத்திருந்து விதைத்தால் காய்க்கும் முன்பே அடுத்த குளிர் வந்துவிடும். ஆகவே பிப்ரவரியிலேயே வீட்டுக்குள் விதைக்கவேண்டும். சிறு கிண்ணத்தில் பொடிமண் போட்டு, அரை சென்டிமீட்டர் ஆழத்தில் விதையை வைத்து, ஈரப்படுத்தி, மேலே பிளாஸ்டிக் தாளால் மூடி, வீட்டைச் சூடாக்கும் குழாய்க்குப் பக்கத்திலோ, ஐஸ் பெட்டியின் தலைமேலோ வைக்கலாம். சாதாரண இனம் ஒன்று இரண்டு வாரத்தில் முளைக்கும். நாகா போன்ற கடுங்கார இனங்கள் ஒரு மாதம்கூட எடுக்கும். பொறுமை வேண்டும்.

இரண்டாவது, வெளிச்சம். முளை தெரிந்த அன்றே மூடியை எடுத்துச் சன்னலுக்குக் கொண்டுபோகவேண்டும். இல்லாவிட்டால் தண்டு நூலாக நீண்டு சாய்ந்துவிடும். நமக்குச் சூரியன் தலைக்கு மேலே. அங்கே அது தெற்கே தாழ்ந்து போகிறது. ஆகவே தெற்கு நோக்கிய சன்னலே நல்லது.

மூன்றாவது, தொட்டி. சிறு நாற்றைப் பெரிய தொட்டியில் வைக்கக்கூடாது. வேர் எட்டாத மண் குளிர்ந்து ஊறிக் கிடந்து வேரை அழுக்கும். செடி வளர வளரத் தொட்டியை மாற்றவேண்டும். மேல்மண் காய்ந்த பிறகே தண்ணீர். அதுவும் குழாயிலிருந்து பிடித்த குளிர்ந்த நீரை உடனே ஊற்றாமல், வீட்டுக்குள் சற்று நேரம் வைத்திருந்து ஊற்றவேண்டும்.

நான்காவது, வெளியே பழக்குதல். நாற்றுமேடைக் கன்றை நிழலிலிருந்து ஒரே நாளில் வெயிலில் நிறுத்தினால் என்ன ஆகும் என்று உங்களுக்குத் தெரியும். அதே கதைதான். இரவுக் குளிர் 12 பாகைக்குக் கீழ் போகாத நாள் வரும்வரை, வடபகுதியில் ஏறக்குறைய ஜூன் வரை, வெளியே விடக்கூடாது. முதலில் பகலில் மட்டும் வைத்து மாலையில் உள்ளே எடுக்கவேண்டும். ஒரு வாரம் பத்து நாள் இப்படிப் பழக்கிய பின் சுவரோரம், காற்று அடிக்காத இடத்தில் வைக்கலாம். வீட்டுக்குள்ளேயே இருக்கும் செடிக்குக் காற்றும் தேனீயும் இல்லை. பூத்தபோது செடியை மெல்லத் தட்டிவிட்டால் மகரந்தம் தானே சேரும்.

ஐந்தாவது, இனம். முதல் ஆண்டில் விரைவில் காய்க்கும் நீட்டு மிளகாய் இனங்களே நல்லவை. நம் சிலி பாடி என்னும் ஊசி மிளகாய் மெதுவாக வளர்வது. அதிக வெப்பம் கேட்பது. தென்னமெரிக்காவின் ஆண்டீஸ் மலையில் ரொக்கோட்டோ என்று ஒன்று உண்டு. ஊதாப் பூ, மயிர் அடர்ந்த இலை, கறுப்பு விதை. அது குளிர்ந்த மலைக்காற்றுக்குப் பழகியது. எனினும் உறைபனியை அதுவும் தாங்காது.

ஒன்றை மறவாதீர்கள். இங்கிருந்து விதையைக் கடிதத்துக்குள் மடித்து அனுப்பவேண்டாம். இங்கிலாந்துக்குள் மிளகாய் விதை போகவேண்டுமானால் தாவர நலச் சான்றிதழ் வேண்டும். அங்கேயே விதைப் பொட்டலம் விற்கிறார்கள்.

காரம் வருமா?

வெயில் இல்லாத ஊரில் காய்த்தாலும் காரம் இருக்காது என்று பலர் சொல்வதுண்டு. காரத்தின் அடிப்படை இனத்தில் இருக்கிறது. காயின் உள்ளே விதை ஒட்டியிருக்கும் வெள்ளைச் சதையில்தான் அது ஊறுகிறது. இங்கிலாந்திலேயே அதிகமாக மழை பெய்யும் இடம் கம்பிரியா மாவட்டத்தில் உள்ளது. அதே மாவட்டத்துக் கார்க் என்னும் சிற்றூரில் ஜெரால்ட் ஃபௌலர் என்பவர் உருவாக்கிய 'நாகா வைப்பர்' மிளகாய், 2011இல் உலகிலேயே காரமானது என்று கின்னஸ் பதிவில் இடம்பெற்றது. ஸ்கோவில் அளவில் 13,82,118. நம் சிலி பாடி அதே அளவில் ஐம்பதாயிரத்துக்கும் ஒரு லட்சத்துக்கும் இடையில்தான்! பின்னர் வேறு இனங்கள் அதைத் தாண்டிவிட்டன. ஆனால் குளிர்நாட்டு மிளகாய் சப்பென்று இருக்கும் என்று இனி யாரும் சொல்லமுடியாது.

நம் நாட்டிலும் கேமரன் மலையில் தேயிலைத் தோட்டத்து உறவினர் உள்ளவர்கள் இருக்கிறீர்கள். அங்கே உறைபனி இல்லை. ஆனால் இரவு குளிர்ச்சி, மூடுபனி, ஓயாத மழை. அங்கும் விதையை அடுப்படிச் சூட்டில் முளைக்கவைத்து, வளர்ந்த செடிக்கு மேலே பிளாஸ்டிக் கூரை போட்டு, மழைநீர் தேங்காத மண்மேட்டில் நட்டால் காய் அழுகல் குறையும்.

கைராசி

இவ்வளவையும் ஒரு தாளில் எழுதித் தாயாரிடம் கொடுத்தோம். முதல் வரியாக, "சென்ற ஆண்டு சொன்னது தவறு, தவறு எங்களுடையது" என்று எழுதினோம். பிள்ளை அடுத்த பிப்ரவரியில் தயிர்க் கிண்ணத்தில் ஆறு விதை வைத்தாள். நான்கு முளைத்தன. செப்டம்பரில் முதல் காய் சிவந்தது. குளிர் வரும் முன் பச்சைக் காய்களைப் பறித்துக்கொண்டு, செடியைக் கவாத்து செய்து வீட்டுக்குள் எடுத்துவிட்டாள். மிளகாய் பல ஆண்டு நிற்கும் செடி அல்லவா? குளிர்காலத்தைத் தாண்டிவிட்டால் மறு ஆண்டு சீக்கிரமே காய்க்கும். தாயார் கைப்பேசியை எடுத்துவந்து படத்தைக் காட்டினார். "பாருங்க ஐயா, பிள்ளைக்குக் கைராசி வந்துருச்சு" என்றார். "கைராசி முன்பே இருந்தது அக்கா. நாங்கதான் சரியாச் சொல்லல" என்றோம்.

அலுவலக நண்பர்களுக்கு ஒரு வார்த்தை. எழுத்து அறிந்தவன் சொன்னால் சரியாக இருக்கும் என்று நம்பியே தோட்டத்து மக்கள் நம்மிடம் வருகிறார்கள். மிளகாயோ, சேமநிதிப் பாரமோ, தெரிந்ததைத் தெளிவாகச் சொல்வோம். தெரியாததைப் படித்துப் பார்த்துச் சொல்வோம். பால்வெட்டுத் தோழர்களுக்கும் தாய்மார்களுக்கும் ஒரு வார்த்தை. சொன்னபடி செய்தும் விளையாவிட்டால் உங்கள் கையைக் குறை சொல்லாதீர்கள். சொன்னவனிடம் திரும்ப வந்து கேளுங்கள்.