அபயக் குரல் செல்லும் வழி



ஆபத்து நேர்ந்தபொழுது, "ஐயோ, யாராவது ஓடி வாருங்கள்!" என்று கூவுவது மனித இயல்பு. கிராமத்திலே அக்குரல் வேலியைக் கடந்து அயல்வீட்டு முற்றத்தை எட்டும். கேட்டவர் ஓடி வருவர். நகரங்கள் பெருகி, மதில்கள் உயர்ந்து, அயலவர் யாரென அறியாத வாழ்வு வந்த பின்னர், அந்தக் கூக்குரலை நாம் தொலைபேசியிடம் ஒப்படைத்துவிட்டோம். அது எவ்வழியாகச் செல்கின்றது, யார் செவியிற் சென்று சேர்கின்றது என்பதைப் பற்றி நாம் சிந்திப்பதில்லை. ஐக்கிய அமெரிக்காவிலே இவ்வவசர அழைப்புகளைப் பழைய தொலைபேசிப் பாதையிலிருந்து இணையப் பாதைக்கு மாநிலம் மாநிலமாக மாற்றி வருகின்றனர். அம்மாற்றத்தால் விளையும் நன்மை யாது, அதனுள் மறைந்து நிற்கும் இடர் யாது என்பனவற்றை இன்று உங்களோடு சேர்ந்து ஆராய விரும்புகின்றேன்.

முதலிலே சிறிது வரலாறு. இலண்டன் மாநகரில், விம்போல் வீதியில், 1935 ஆம் ஆண்டு நவம்பர் மாதம் ஒரு வீடு தீப்பற்றி எரிந்தது. ஐந்து பெண்கள் மாண்டனர். அயலவர் ஒருவர் தீயணைப்புப் படைக்கு அறிவிப்பதற்காகத் தொலைபேசியை எடுத்தார். நிலையத்திலிருந்து விடை வரவில்லை. சாதாரண அழைப்புகளோடு அவருடைய அழைப்பும் ஒன்றாகக் காத்து நின்றது. அவர் பத்திரிகைக்கு எழுதிய கடிதம் நாட்டின் மனச்சாட்சியை உறுத்திற்று. அதன் பயனாக, 1937 ஆம் ஆண்டு ஜூன் 30 ஆம் நாள், 999 என்னும் அவசர எண் இலண்டனிலே நடைமுறைக்கு வந்தது. உலகின் முதல் அவசர எண் அதுவே.

அமெரிக்காவிலே அத்தகைய பொது எண் தோன்றுவதற்கு மேலும் முப்பது ஆண்டுகள் சென்றன. அதுவரை ஊருக்கு ஊர் பொலிசாருக்கு ஓர் எண், தீயணைப்புப் படைக்கு வேறோர் எண் என்றே வழங்கி வந்தது. 1967 ஆம் ஆண்டில் குடியரசுத் தலைவரின் ஆணைக்குழுவொன்று, நாடு முழுவதற்கும் ஒரே எண் வேண்டுமெனப் பரிந்துரைத்தது. 1968 பெப்ரவரி 16 ஆம் நாள் அலபாமா மாநிலத்தின் ஹேலிவில் என்னும் சிற்றூரில் 911 என்ற எண்ணுக்கு முதல் அழைப்பு விடுக்கப்பட்டது. நியூயோர்க்கும் சிக்காகோவும் அன்று முந்தவில்லை. பலரும் பெயரறியாத ஒரு சிற்றூரே முந்திக்கொண்டது.

எண் ஒன்றாயினும் அதனைக் கேட்கும் செவிகள் பல. நாடெங்கும் ஆயிரக்கணக்கான அழைப்பு மையங்கள் உள்ளன. அழைப்பவர் எந்த ஊரில் இருக்கின்றாரோ அந்த ஊருக்குரிய மையத்துக்கே அழைப்புச் சேரவேண்டும். பழைய முறையில் இதனைச் செய்தது ஓர் அட்டவணை. இன்ன தொலைபேசி எண், இன்ன வீதி, இன்ன இலக்க வீடு, ஆதலால் இன்ன மையம் என்று முன்னரே எழுதி வைத்திருந்தனர். அழைப்பு வந்ததும் பொறியானது அட்டவணையைப் பார்த்து வழிகாட்டிவிடும். வீட்டுச் சுவரோடு கம்பியாற் பிணைக்கப்பட்டிருந்த தொலைபேசிக்கு இம்முறை நன்கு பொருந்திற்று. வீடு நடந்து போவதில்லை அன்றோ?

கைத்தொலைபேசி வந்ததும் நிலைமை மாறியது. எண் மனிதனோடு நடக்கத் தொடங்கியது. அட்டவணையில் இருப்பது அவன் வீட்டு முகவரி. அவனோ நூறு மைல் தொலைவில், நெடுஞ்சாலை ஓரத்தில், கவிழ்ந்த மோட்டார் வண்டிக்குள் கிடக்கின்றான். அவன் குரலைப் பற்றிக்கொண்ட கோபுரம் எங்கே நிற்கின்றது என்பதைக் கொண்டே அழைப்புக்கு வழி காட்டினர். கோபுரமோ ஆற்றுக்கு அக்கரையில், அடுத்த மாவட்டத்தில் நிற்கலாம். அவ்வாறாயின் அழைப்பு அக்கரை மையத்துக்குப் போகும். அங்குள்ளவர் விசாரித்து, தம் எல்லைக்குட்பட்டதன்று எனக் கண்டு, இக்கரை மையத்துக்கு மாற்றிவிடுவார். மூச்சு நின்ற ஒருவனுக்கு அந்த ஒரு நிமிடமே உயிராகும்.

இணைய முறை இக்குறையைத் தீர்ப்பதற்கென்றே வகுக்கப்பட்டது. அதன் கருத்து எளியது. அழைப்பானது தான் புறப்பட்ட இடத்தையும் தன்னோடு சுமந்துகொண்டு வரும். மாநிலத்தின் கணினியில் அட்டவணைக்குப் பதிலாகத் தேசப்படம் ஒன்று இருக்கும். ஒவ்வொரு மையத்தின் எல்லையும் அப்படத்தில் கோடாக வரையப்பட்டிருக்கும். அழைப்பு எழுந்த புள்ளி எந்தக் கோட்டுக்குள் விழுகின்றது என்று கணினி பார்த்து, அந்த மையத்துக்கு வழிவிடும். குரல் மட்டுமன்றி, எழுத்துச் செய்தியும், நிழற்படமும், அசையும் படமும் அதே பாதையிற் செல்லும். செவிப்புலன் அற்றவர்களுக்கும், கள்வன் அடுத்த அறையில் நிற்கும்போது வாய் திறக்க இயலாதவர்களுக்கும் இதனால் விளையும் பயனைச் சொல்லவேண்டியதில்லை.

மற்றொரு நன்மையும் உண்டு. 2005 ஆம் ஆண்டு கத்ரினா என்னும் சூறாவளி அமெரிக்காவின் தென்கரையைத் தாக்கியபோது 38 அழைப்பு மையங்கள் செயலிழந்தன. மக்களுக்கு உதவி மிக வேண்டிய அந்த வேளையிலே கேட்பதற்குச் செவி இல்லாது போயிற்று. பழைய முறையில் ஒரு மையத்தின் அழைப்புகளைத் தொலைவிலுள்ள வேறு மையத்துக்குத் திருப்புவது அரிதான காரியம். இணைய முறையிலோ, ஒரு மையம் வெள்ளத்தில் மூழ்கினால், அதன் அழைப்புகளை மாநிலத்தின் மறுகோடியிலுள்ள மையம் ஏற்றுக்கொள்ள வழி செய்யலாம்.

இவ்வளவு நன்மை இருக்கும்போது இடர் எங்கே என்று நீங்கள் வினவலாம். அதற்கு விடையாக ஓர் இரவின் கதையைச் சொல்கின்றேன்.

2014 ஏப்ரில் 9 ஆம் நாள் நள்ளிரவு. வொஷிங்டன் மாநிலத்திலே ஒரு பெண்மணியின் வீட்டுக்குள் அந்நியன் ஒருவன் புக முயல்கின்றான். அவள் 911 ஐ அழைக்கின்றாள், பதில் இல்லை. மீண்டும் அழைக்கின்றாள். முப்பத்தேழு முறை அழைத்தும் பதில் இல்லை. ஈற்றில் சமையற் கத்தியைக் கையிலெடுத்துக்கொண்டு தானே எதிர்நின்றாள், அவன் ஓடிவிட்டான். அவள் பிழைத்தது மனத்துணிவினாலேயன்றி அரசாங்கத்தின் ஏற்பாட்டினால் அன்று.

நிகழ்ந்தது என்ன? அழைப்புகளுக்கு வழிகாட்டும் கணினி அம்மாநிலத்தில் இல்லை. மலைகளுக்கு அப்பால், கொலராடோ மாநிலத்தில் இருந்தது. அக்கணினி ஒவ்வோர் அழைப்புக்கும் ஒரு தொடரிலக்கம் இட்டு வந்தது. அவ்விலக்கத்துக்கு ஓர் உச்சவரம்பை, ஏறக்குறைய நாலு கோடியை, யாரோ முன்பொருநாள் குறித்து வைத்திருந்தனர். அன்றிரவு அவ்வரம்பு எட்டப்பட்டது. அதன்பின் வந்த அழைப்புகளுக்கு இலக்கம் இல்லை. இலக்கம் இன்மையால் வழியும் இல்லை. ஏழு மாநிலங்களில் ஒரு கோடியே பத்து இலட்சத்துக்கு மேற்பட்ட மக்கள் வாழும் பகுதிகளில், ஆறு மணி நேரம் வரையில், 6,600 இற்கு மேற்பட்ட அழைப்புகள் உரிய இடத்தைச் சேரவில்லை. வொஷிங்டன் மாநிலம் முழுவதுமே அவசர எண்ணை இழந்து நின்றது. புயல் இல்லை, நிலநடுக்கம் இல்லை, எதிரியின் சூழ்ச்சியும் இல்லை.

பாடசாலை அதிபராகிய எனக்கு இதனைப் படித்தபோது எங்கள் சேர்வு இடாப்பே நினைவுக்கு வந்தது. இடாப்பின் கடைசி வரியும் நிரம்பிவிட்டது. எழுதுநர் புதிய இடாப்பைத் திறக்கவில்லை. வாயிலிலே நிற்கும் பிள்ளையை, "உனக்கு இலக்கம் இல்லை" என்று சொல்லித் திருப்பி அனுப்பிவிட்டார் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதற்கும் இதற்கும் வேறுபாடு இல்லை. இன்னும் வருந்தத்தக்க செய்தி ஒன்றுண்டு. அதே பணியைச் செய்யக்கூடிய மாற்றுக் கணினி மயாமி நகரில் ஆயத்தமாகவே இருந்தது. பழுது நேர்ந்ததும் பொறி எச்சரிக்கையும் விடுத்தது. ஆனால் அவ்வெச்சரிக்கை சிறிய பழுதுகளின் வரிசையிலே சேர்க்கப்பட்டிருந்தமையால் அதனை உரிய நேரத்தில் எவரும் பொருட்படுத்தவில்லை. மணி அடித்தது, கேட்பாரில்லை.

அது பத்தாண்டுகளுக்கு முந்திய கதை, இப்பொழுது யாவும் திருந்தியிருக்கும் என்று எண்ணவேண்டாம். 2024 ஏப்ரில் மாதத்தில் மிசூரி மாநிலத்தின் கன்சாஸ் நகரிலே, வீதியோரத்தில் ஒரு விளக்குத்தூண் நாட்டுவதற்குக் குழி தோண்டியவர்கள் நிலத்தடி இழைக்கம்பியை அறுத்துவிட்டனர். அதனால் நெப்ராஸ்கா, நெவாடா, தென் டக்கோட்டா ஆகிய மாநிலங்களில் 911 சேவை தடைப்பட்டது. அவ்வாண்டு ஜூன் 18 ஆம் நாள் மசச்சூசெட்ஸ் மாநிலம் முழுவதிலும் ஏறக்குறைய இரண்டு மணி நேரம் அழைப்புகள் நின்றன. தீயோர் உட்புகாது தடுப்பதற்கென வைத்த கணினிக் காவலரண், அழைப்புகளையே தடுத்துவிட்டதென்பது பின்னர் தெரியவந்தது. காவலாளி வீட்டுக்காரனையே உள்ளே விடாத கதைதான்.

அந்த இரண்டு மணி நேரத்தில் பொஸ்டன் நகரத்தார் மக்களுக்குச் சொன்ன புத்திமதி யாது தெரியுமா? வீதியோரத்துச் சிவப்புத் தீயறிவிப்புப் பெட்டியின் கைப்பிடியை இழுங்கள் என்பதாகும். தந்திக் கம்பியால் இயங்கும் அத்தகைய பெட்டிகள் 1852 ஆம் ஆண்டில் முதன்முதலாக நாட்டப்பட்டது அந்நகரிலேதான். நூற்றெழுபது ஆண்டு கடந்த ஏற்பாடொன்றை எறிந்துவிடாது பேணியவர்கள், புதுமை கைவிட்ட வேளையில் அதனிடம் போக முடிந்தது.

ஆகவே பழைய பாதைக்கே திரும்பிவிடலாமா என்றால், அது முடியாது, முடிந்தாலும் ஆகாது. செப்புக்கம்பிகள் மூப்படைந்துவிட்டன, மக்கள் கைத்தொலைபேசிக்கு மாறிவிட்டனர். அந்நாட்டு மத்திய தொடர்பாடல் ஆணைக்குழுவும் 2024 ஜூலையில் இம்மாற்றத்தை விரைவுபடுத்தும் விதிகளை வகுத்துள்ளது. நாம் உணரவேண்டியது வேறொன்று. முன்னர் ஒரு கம்பி அறுந்தால் ஓர் ஊர் ஊமையாயிற்று. இன்று ஓர் இலக்கம் தவறினால் ஒரு மாநிலமே ஊமையாகின்றது. பல சிறு கிணறுகளை மூடி ஒரு பெருங்குளம் வெட்டியவன், அக்குளத்தின் அணைக்கட்டை இரவும் பகலும் காக்கவேண்டியவனாகின்றான்.

அக்காவல் எத்தகையதாக இருத்தல் வேண்டும்? முதலாவது, இரு பாதைகள் வேண்டும். அவ்விரண்டும் ஒரே அகழிக்குள் செல்லலாகாது. இரண்டாவது, மாற்றுக் கணினி இருந்தாற் போதாது. அதற்கு மாறிப் பார்க்கும் ஒத்திகை இடையிடையே நடைபெற வேண்டும். மூன்றாவது, எச்சரிக்கை மணியைக் கேட்கும் பொறுப்பு பெயர் சொல்லி ஒருவரிடம் விடப்படவேண்டும். நாலாவது, பணம். இச்சேவைக்கென மக்களின் தொலைபேசிக் கட்டணத்தோடு ஒரு சிறு தொகை அறவிடப்படுகின்றது. சில மாநிலங்கள் அத்தொகையை வேறு செலவுகளுக்குத் திருப்பியுள்ளன. விளக்குக்கு வாங்கிய எண்ணெயை வேறெதற்கோ ஊற்றிவிட்டு, இருளைக் குறைகூறுவது நீதியாகாது.

இறுதியாக ஓர் ஆசிரியன் என்ற முறையில் ஒன்று சொல்லவேண்டும். 2013 ஆம் ஆண்டு டெக்சாஸ் மாநிலத்திலே ஒரு விடுதி அறையில் ஒரு தாய் தாக்கப்பட்டுக் கொலையுண்டாள். ஒன்பது வயதான அவளுடைய மகள், பெரியோர் கற்பித்தபடியே 911 ஐ அழைத்தாள். நான்கு முறை அழைத்தும் இணைப்புக் கிடைக்கவில்லை. விடுதித் தொலைபேசியில் வெளி அழைப்புக்கு முதலில் 9 என்னும் எண்ணை அழுத்தவேண்டும் என்பது அக்குழந்தைக்குத் தெரியாது. அத்தாயின் பெயரால் வழங்கும் காரி சட்டம் 2018 பெப்ரவரி 16 ஆம் நாள், ஹேலிவில்லின் முதல் அழைப்புக்குச் சரியாக ஐம்பது ஆண்டு நிறைந்த அன்று, கையொப்பமிடப்பட்டது. இன்று அத்தகைய புதிய தொலைபேசி அமைப்புகளில் முன்னெண் ஏதுமின்றி 911 ஐ நேரே அழைக்க இடமிருக்க வேண்டும். அக்குழந்தை பாடத்தைப் பிழையின்றிப் படித்திருந்தாள்; பிழை செய்தவர்கள் பெரியவர்கள்.

எங்கள் வகுப்பறையில், "உன் வீடு எங்கே?" என்று பிள்ளையைக் கேட்டால், "பிள்ளையார் கோயிலுக்குப் பின்னால், வேப்பமரத்தடி" என்று விடை வரும். ஊரவர்க்கு அது போதும். தொலைவிலிருந்து கேட்பவர்க்குப் போதாது. நம் நாட்டில் பொலிசாருக்கு 119, நோயாளர் வண்டிக்கு 1990 என்னும் எண்களோடு, தன் கிராமம், வீதி, வீட்டிலக்கம் ஆகியவற்றையும் பதறாமற் சொல்ல ஒவ்வொரு பிள்ளைக்கும் பழக்குவோமாக. பாதை புதிதாயினும் பழையதாயினும், அதன் ஒரு முனையில் அஞ்சி நடுங்கும் ஒரு மனிதன் இருக்கின்றான். மறுமுனையில் விழித்திருக்கும் ஒரு மனிதன் இருத்தல் வேண்டும். இடையிலுள்ள பொறிகள் யாவும் அவ்விருவரையும் சேர்த்து வைப்பதற்காகவே உள்ளன. முப்பத்தேழு முறை அழைத்த அப்பெண்மணியை மறவாதிருப்பவனே அப்பாதையைச் செம்மையாக அமைக்க வல்லவன்.