நட்டஈடு கேட்டால் வேலை போய்விடுமா?

(தோட்ட மக்கள் கூட்டத்தில் நலன்புரி உத்தியோகத்தர் ஆற்றிய உரை)



மலையில் அடிபடுவது நமக்குப் புதிதல்ல. குளவி கொட்டுகிறது. கவ்வாத்துக் கத்தி காலில் படுகிறது. மழை நாளில் கொழுந்தோடு சறுக்கி விழுகிறோம். ஸ்டோரில் மெஷினில் கை சிக்குகிறது. "நட்டஈடு கேட்டீங்களா?" என்று நாங்கள் விசாரித்தால், "வேணாங்க, கேட்டா பேர் வெட்டிருவாங்க" என்றுதான் பதில் வருகிறது.

இந்தப் பயம் சும்மா வந்ததல்ல. 2021 பெப்ரவரியில் மஸ்கெலியா ஓல்டன் தோட்டத்தில் நடந்த போராட்டத்துக்குப் பிறகு 38 தொழிலாளர் வேலைநீக்கம் செய்யப்பட்டார்கள். முகாமையாளர் தாக்கப்பட்டார் என்றது நிர்வாகம். இது பழிவாங்கல் என்றார்கள் தொழிலாளர்கள். அது நட்டஈட்டுப் பிரச்சினை அல்ல. ஆனாலும் "வாய் திறந்தா இதுதான் கதி" என்ற எண்ணம் பலருக்கு இருக்கிறது.

நட்டஈடு யாரும் போடும் தர்மம் அல்ல. 1934 ஆம் ஆண்டின் 19 ஆம் இலக்கத் தொழிலாளர் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டம் தந்த உரிமை. வேலையின் காரணமாக, வேலை செய்யும்போது விபத்து நடந்தால் போதும். துரைமார் மேல் பிழை இருக்க வேண்டும் என்றில்லை. 2022 திருத்தத்தில் ஆகக்கூடிய தொகை ஐந்தரை லட்சத்திலிருந்து 20 லட்சம் ரூபாயாக உயர்ந்தது. வேலைக்குப் போகும்போதும் திரும்பும்போதும் நடக்கும் விபத்தும் அதில் சேர்ந்தது. எல்லோருக்கும் 20 லட்சம் கிடைக்காது. சம்பளத்தையும் காயத்தையும் பார்த்துத்தான் கணக்குப் போடுவார்கள். "நட்டஈடு வேண்டாம்" என்று கையெழுத்து வாங்கியிருந்தாலும் அந்தக் கடதாசி செல்லாது.

அடிபட்டால் என்ன செய்ய வேண்டும்?

முதலாவது, அன்றைக்கே கணக்கப்பிள்ளையிடம் சொல்லி, ஒப்பீசுக்கு எழுத்தில் கொடுங்கள். ஒரு பிரதி உங்களிடம் இருக்கட்டும்.

இரண்டாவது, ஆஸ்பத்திரியில் எந்த மலையில், எத்தனை மணிக்கு, எப்படி அடிபட்டது என்று சொல்லுங்கள். வீட்டில் விழுந்ததாகச் சொல்லிவிட்டால் பிறகு ஒன்றும் செய்ய முடியாது. துண்டுகளைப் பத்திரப்படுத்துங்கள்.

மூன்றாவது, பக்கத்து நிரையில் நின்றவர்களின் பெயரைக் குறித்து வையுங்கள்.

நான்காவது, கொழும்பிலுள்ள தொழிலாளர் நட்டஈட்டு ஆணையாளருக்கு 2 வருஷத்துக்குள் விண்ணப்பியுங்கள். தொழிற்சங்கத் தலைவரிடமும் தொழில் அலுவலகத்திலும் உதவி கேட்கலாம்.

சரி, கேட்டதற்காக வேலையை விட்டு நிறுத்தினால்? நிறுத்திய நாளிலிருந்து 6 மாதத்துக்குள் தொழில் நியாய மன்றத்தில் மனுப் போடலாம். அந்தத் தவணையைத் தவற விடாதீர்கள்.

நிறுத்தாமலே தொந்தரவு கொடுப்பதும் உண்டு. பேர் குறையும், முழுப்பேர் அரைப்பேராகும், கஷ்டமான மலையிலேயே போடுவார்கள். "ஐயா, என்னைப் பழிவாங்குறாங்க" என்று வாயால் சொன்னால் மட்டும் போதாது. நட்டஈடு கேட்டது எந்தத் தேதி, பேர் குறைந்தது எந்தத் தேதி என்று எழுதி வையுங்கள். முந்திய மாதச் சம்பளச் சிட்டையையும் பிந்திய மாதச் சிட்டையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் விஷயம் தெரிந்துவிடும். அதைத் தொழில் அலுவலகத்தில் காட்டி முறைப்பாடு செய்யலாம்.

எழுதத் தெரியாது என்று தாய்மார்கள் யோசிக்க வேண்டாம். பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகள் வீட்டில் இருக்கிறார்கள். ஒரு கொப்பியும் பேனையும் போதும். கங்காணிமாரும் இதைத் தங்களுக்கு எதிரான முறைப்பாடு என்று நினைக்காதீர்கள். நாளைக்கு உங்களுக்கும் குளவி கொட்டலாம்.