கண்ணில் படாத தூரம்

குடியை நிறுத்தியவருக்கு டாக்டர் சொல்லி அனுப்பும் முக்கியமான யோசனை, பழைய இடத்துப் பக்கம் தலைவைத்துப் படுக்காதீர்கள் என்பது. சரியான யோசனைதான். ஆனால் உடன்குடி ஊர்க்காரர் திருச்செந்தூருக்கு பஸ் ஏற வேண்டும், கடைத்தெருவுக்குப் போய்வர வேண்டும். அந்த வழியிலேயே மதுக்கடை இருந்தால் என்ன செய்வார்? பல வருஷம் குடித்துப் பழகிய மூளைக்கு, போர்டும் வாசல் கூட்டமும் கண்ணில் பட்டாலே ஆசை கிளம்பிவிடும். மனசு பலவீனம் என்று ஏசுவதில் பயனில்லை. அது உடம்பு கற்றுக்கொண்ட பழக்கம். கிளம்பிய ஆசை சற்று நேரத்தில் தணியவும் செய்யும். அந்த நேரத்துக்குள் கடை எட்டுகிற தூரத்தில் இருக்கிறதா என்பதுதான் விஷயம்.

இங்கிலாந்தில் ஒரு சூப்பர் மார்க்கெட்டை ஆராய்ந்து 2014-ல் ஒரு முடிவு வெளியிட்டார்கள். வரிசையின் முனையில், போகிறவர் வருகிறவர் கண்ணில் படும்படி அடுக்கியதாலேயே பீர் விற்பனை 23 சதவீதமும் ஒயின் 34 சதவீதமும் கூடியதாம். சாதாரண வாடிக்கையாளர்களிடமே இந்த வேகம். அயர்லாந்தில் 2020 நவம்பர் முதல், பலசரக்கும் விற்கும் கடைகளில் மதுவை மற்ற சரக்கிலிருந்து பிரித்து வைக்கச் சட்டம் வந்துவிட்டது. நம் ஊரில் பலசரக்குக் கடையில் மது கிடையாது. 2003 நவம்பரிலிருந்து சில்லறை விற்பனை டாஸ்மாக் கையில். ஆகவே இங்கே தெருவே அலமாரி.

அந்த அலமாரிக்கு ஒரு விதி உண்டு. கோயில், பள்ளியிலிருந்து நகராட்சி, மாநகராட்சிகளில் 50 மீட்டர், உடன்குடி போன்ற பேரூர்களில் 100 மீட்டர் தள்ளியிருக்க வேண்டும். பஸ் ஸ்டாண்டைப் பற்றிப் பேச்சில்லை. மறுவாழ்வு மையத்தைப் பற்றியும் இல்லை. ஆனால் 2016 டிசம்பரில் உச்ச நீதிமன்றம், தமிழ்நாட்டு வழக்கிலேயே, நெடுஞ்சாலையிலிருந்து 500 மீட்டருக்குள் மதுக்கடை கூடாது என்றதோடு, சாலையிலிருந்து கண்ணுக்குத் தெரியவும் கூடாது என்றது. சிற்றூர்களுக்குப் பிறகு 220 மீட்டர் என்று தளர்த்தினார்கள். வண்டி ஓட்டுபவர் கண்ணில் கடை படுவது ஆபத்து என்றால், குடியை விட்டவர் கண்ணில் படுவது மட்டும் எப்படி ஆபத்தில்லாமல் போகும்?

மன உறுதி போதாதா, குலசேகரன்பட்டினம் தசராவுக்கு விரத மாலை போட்டவர்கள் மதுவைத் தொடாமல் இருக்கவில்லையா என்பார்கள். இருக்கிறார்கள், மெய்தான். அந்த நாட்களில் ஊரே அவரைத் தாங்குகிறது: உடுத்தும் உடை, வீட்டுச் சமையல், கூப்பிடாமல் ஒதுங்கும் கூட்டாளிகள். மாலையைக் கழற்றியதும் அத்தனையும் போய்விடுகிறது, கடை மட்டும் அங்கேயே நிற்கிறது. விரதம் என் கட்சிக்கே சாட்சி. கடையைத் தள்ளினால் கள்ளச்சாராயம் பெருகும் என்ற பயத்தை, 2024-ல் கள்ளக்குறிச்சியின் கள்ளச்சாராயச் சாவுகளைப் பார்த்த பிறகு, லேசாக ஒதுக்க முடியாது. ஆனால் நான் பூட்டச் சொல்லவில்லை. குடிக்க முடிவு செய்தவர் இரண்டு தெரு நடந்து வாங்கட்டும். முடிவு செய்யாதவர் வழியில் அது நிற்க வேண்டாம்.

தூரக் கணக்கில் பஸ் ஸ்டாண்டையும் ஆஸ்பத்திரியையும் மறுவாழ்வு மையத்தையும் சேர்க்க அரசு விதியைத் திருத்தினாலே போதும். உங்கள் ஊரில் அப்படி ஒரு கடை இருந்தால், திங்கட்கிழமை குறைதீர் நாளில் ஆட்சியரிடம் மனுக் கொடுங்கள்.