புதிய பெட்டி வேண்டுமா?



2024-ஆம் ஆண்டுத் தீபாவளிக்கு முன்னர் எங்கள் இல்லத்தில் ஒரு வழக்கு நடைபெற்றது. வாதி, ஒன்பதாம் வகுப்பில் பயிலும் என் பேத்தி. பிரதிவாதி, பதினோராண்டுகளாகக் கூடத்துச் சுவரில் இருந்துவரும் 32 அங்குலத் தொலைக்காட்சிப் பெட்டி. அதை நீக்கிவிட்டு, 55 அங்குலமுள்ள '4கே' பெட்டி ஒன்றை வாங்க வேண்டும் என்பது வாதியின் கோரிக்கை. தீர்ப்புக் கூறும் பொறுப்பு என்னிடம் வந்தது. நீதிபதி நடுநிலையாளரா என்றால், அல்லர். ஓராண்டாகவே அப்பெட்டியில் படம் மங்கிப் பழுப்பேறித் தோன்றுவதை நான் கண்டு வந்தேன். பெட்டிக்கு மூப்பு வந்துவிட்டது என்றே எண்ணியிருந்தேன்.

ஆயினும், முப்பத்து நான்கு ஆண்டுகள் கணக்குப் பாடம் நடத்தியவன் கணக்கிடாமல் காசை எடுப்பானா? தாளும் அளவுநாடாவும் கொண்டுவரச் சொன்னேன்.

தொலைக்காட்சிப் படம் சிறு சிறு புள்ளிகளால் ஆயது. 1926-ஆம் ஆண்டு ஜனவரியில் ஜான் லோகி பெயர்டு லண்டனில் செய்து காட்டிய படத்தில் இருந்தவை முப்பதே வரிகள். எங்கள் பழைய பெட்டியில் குறுக்கே 1366 புள்ளிகளும் நெடுக்கே 768 புள்ளிகளும் உள்ளன. 4கே பெட்டியிலோ குறுக்கே 3840, நெடுக்கே 2160. புள்ளிகள் பெருகினால் படம் நுட்பமடையும் என்பது மெய்தான். ஆனால் அந்நுட்பத்தைக் காண வேண்டியது கண் அன்றோ?

ஒரு பாகையை அறுபது பங்காக்கினால் ஒரு பங்கு ஒரு நிமிடம் எனப்படும். ஒரு நிமிடக் கோணத்திற்கும் குறைந்த இடைவெளியில் உள்ள இரு புள்ளிகளைச் சாதாரணக் கண் பிரித்தறிவதில்லை. எங்கள் கூடத்தில் நாற்காலிக்கும் சுவருக்கும் இடையே பத்தடி, அதாவது ஏறத்தாழ மூன்று மீட்டர். அத்தொலைவில் ஒரு நிமிடக் கோணம் தாங்கும் அகலம் 0.87 மில்லிமீட்டர். பழைய பெட்டியின் புள்ளி 0.52 மில்லிமீட்டர், புதியதன் புள்ளி 0.32 மில்லிமீட்டர். இரண்டுமே எல்லைக்கு உட்பட்டவை! 55 அங்குலத் திரையின் 4கே புள்ளிகளைத் தனித்தனியே காண வேண்டுமாயின் மூன்றரை அடித் தொலைவில் அமர வேண்டும். இளையோர் சிலருக்குப் பார்வை இதனினும் கூர்மையாக இருப்பதுண்டு. அப்படியிருந்தாலும் பத்தடிக்கு அது போதாது. மேலும், எங்கள் வீட்டுக்குக் கேபிள் வழியே வரும் அலைவரிசைகளுள் பெரும்பாலானவை 576 வரிகளே உடையவை. புதிய பெட்டி இடைப்பட்ட புள்ளிகளை ஊகித்து நிரப்புமேயன்றி, அனுப்பப்படாத நுட்பத்தை எங்கிருந்து கொணரும்?

பேத்தி கணக்கைச் சரிபார்த்தாள், பிழையில்லை. ஆனால் தோற்றுவிடவில்லை. "தாத்தா, புள்ளியை விடுங்கள். பாடக் காட்சிகளில் வரும் எழுத்து எனக்குச் சிறிதாக இருக்கிறதே!" என்றாள். இது நியாயமான வாதம். ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் எங்கள் விரிவுரையாளர், கரும்பலகையில் எழுதியதும் கடைசி வரிசைக்குச் சென்று அதைப் படித்துப் பார்க்கச் சொல்வார். கடைசி வரிசை மாணவனுக்குத் தெரியாத எழுத்து எழுதப்படாத எழுத்தே என்பது அவர் கொள்கை. சரி, கடைக்குச் சென்று கண்ணாலேயே பார்த்துவிடுவோம் என்று இருவரும் புறப்பட்டோம்.

கடையில் ஒரு சுவர் நிறையப் பெட்டிகள். அத்தனையிலும் ஒரே மலர்த்தோட்டம். கடைக்காரர்கள் ஒளியை மிகுத்து வைப்பார்கள். அதற்கெனவே தேர்ந்த படத்தையும் ஓட்டுவார்கள். ஆதலின் அங்குக் காண்பதை அப்படியே வீட்டில் எதிர்பார்த்தல் கூடாது. "எவ்வளவு பளிச்சென்று இருக்கிறது, பாருங்கள்!" என்றாள் பேத்தி. நான் பார்த்தேன். வெள்ளை மல்லிகை எனக்குப் பழுப்பாகவே தெரிந்தது. அடுத்த பெட்டியிலும் பழுப்பு, அதற்கடுத்ததிலும் அவ்வாறே. மேலே எரிந்த விளக்குகளைச் சுற்றி வளையம் வளையமாக ஒளி பரவியிருந்தது. "வளையமா? எனக்கு ஒன்றும் தெரியவில்லையே, தாத்தா" என்றாள். எதையும் வாங்காமல் திரும்பினோம்.

மறுவாரம் கண் மருத்துவர் என் இரு விழிகளிலும் புரை முற்றி வருகிறது என்றார். விழியின் வில்லை நாளடைவில் கலங்கி மஞ்சளிக்கும்போது, நீல ஒளி உள்ளே செல்வது குறைகிறது. மாற்றம் மெல்ல மெல்ல நிகழ்வதால் உடையவனுக்கே தெரிவதில்லை. ஓராண்டாகப் பெட்டியின்மேல் நான் சுமத்திய குற்றம் யாருடையது என்று தெரிந்துவிட்டதா? பெட்டிக்கென எடுத்து வைத்த தொகை கண்ணுக்குச் சென்றது.

2025 ஜனவரியில் வலக்கண்ணில் செயற்கை வில்லையைப் பொருத்தினார்கள். அத்தகைய வில்லையை முதன்முதலில் 1949-இல் பொருத்தியவர் ஹரால்டு ரிட்லி என்னும் ஆங்கில மருத்துவர். போரில் விமானக் கூண்டு நொறுங்கி, அதன் அக்ரிலிக் சில்லுகள் விமானிகளின் விழிக்குள் தங்கியும், கண் அழற்சி கொள்ளாதிருந்ததை அவர் கவனித்திருந்தார். கட்டு அவிழ்த்த பின், கொடியில் உலர்ந்த என் வேட்டியை ஒவ்வொரு கண்ணாலும் மாறி மாறிப் பார்த்தேன். இடக்கண்ணுக்குத் தேநீரில் தோய்த்தது போன்ற துணி; வலக்கண்ணுக்கு நீலம் போட்ட வெள்ளை. பழைய பெட்டியிலோ, நான் மறந்தே போயிருந்த வானத்து நீலம்!

எழுத்தின் அளவு பற்றிய வழக்கு அப்படியே நின்றது. அதற்கும் ஒரு கணக்குப் போட்டோம். 55 அங்குலத் திரையில் எழுத்து 1.7 மடங்கு பெரிதாகும். பத்தடியிலிருந்து ஆறடிக்கு நாற்காலியை நகர்த்தினாலும் கண்ணுக்கு ஏறத்தாழ அதே பயன் கிட்டும். பழைய பெட்டியின் புள்ளியும் அத்தொலைவில் பிரிந்து தெரியாது. செலவோ ஒன்றுமில்லை. ஆனால், "நாற்காலியை நடுவழியில் போட்டால் நான் அடுக்களைக்கு எப்படிப் போவதாம்?" என்று என் மனைவியார் வினவினார். ஆகவே ஆறடியில் தரையில் சுண்ணக்கட்டியால் ஒரு கோடு. பாட வேளையில் நாற்காலி கோட்டுக்கு வரும். வேளை முடிந்ததும் சுவரோரம் போய்விடும்.

சென்ற வாரம் வாதி புதிய மனு ஒன்றைக் கொடுத்திருக்கிறாள். அவளுடைய பாடச் செயலி பழைய பெட்டியில் இயங்குவதில்லையாம். சிறு கருவி ஒன்றை வாங்கிப் பெட்டியின் பின்புறம் செருகினால் போதுமே என்றேன். "செருகும் இடம் ஒன்றே ஒன்றுதான் இருக்கிறது, அதில் கேபிள் பெட்டி இருக்கிறது, தாத்தா" என்றாள். எழுந்து சென்று பார்த்தேன். ஒன்றே ஒன்றுதான் இருந்தது.