இரண்டாவது மணி நேரம்



தமிழில் 'கேள்வி' என்ற சொல்லுக்கு இரண்டு பொருள் உண்டு. காதால் கேட்டு அறிந்துகொள்வதும் கேள்வி. புரியாததைத் திருப்பிக் கேட்பதும் கேள்வி. திருவள்ளுவர் கல்வி, கல்லாமை என்ற இரு அதிகாரங்களை அடுத்துக் கேள்வி என்றே ஓர் அதிகாரம் வைத்தார். படிக்க வாய்ப்பு அமையாதவர்கூட அறிந்தவர் சொல்லக் கேட்டுப் பயன்பெறலாம் என்ற நம்பிக்கை அதில் உண்டு. இன்றைய பேச்சின் பொருளும் அதுதான். வேலைக்குப் போகிற, குடும்பம் நடத்துகிற பெரியவர்களுக்காகப் பல்கலைக்கழக ஆசிரியர்கள் நடத்தும் குறுகிய கால விரிவுரைகள் யாருக்கு, எப்போது பயன் தருகின்றன? இதற்கு விடை தேட இங்கிலாந்தில் 150 ஆண்டுகளுக்கு முன் நடந்ததைப் பார்ப்பது நல்லது.

1867-ஆம் ஆண்டு. கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் டிரினிட்டி கல்லூரியில் ஜேம்ஸ் ஸ்டூவர்ட் என்ற ஸ்காட்லாந்து இளைஞர் ஆய்வுறுப்பினராக இருந்தார். அப்போது அவருக்கு வயது 24. வட இங்கிலாந்துப் பெண்கள் சங்கம் ஒன்று அவரை அழைத்தது. பள்ளிகளிலும் வீடுகளிலும் பாடம் சொல்லித்தரும் பெண்களுக்கு, 'எப்படிக் கற்பிப்பது' என்று பேசும்படி கேட்டுக்கொண்டது. கற்பிப்பது எப்படி என்று பேசுவதைவிட, ஒரு பாடத்தைக் கற்பித்தே காட்டுகிறேன் என்றார் அவர். வானியல் வரலாற்றை எடுத்துக்கொண்டு லீட்ஸ், லிவர்பூல், மான்செஸ்டர், ஷெஃபீல்டு ஆகிய நான்கு ஊர்களுக்கும் வாரந்தோறும் ரயிலில் போய் வந்தார்.

அந்தக் காலத்தில் பெண்களைப் பல்கலைக்கழகம் சேர்த்துக்கொள்வதில்லை. கேம்பிரிட்ஜ் பெண்களுக்கு முழுமையான பட்டம் வழங்கியதே 1948-இல்தான். ஆக, பல்கலைக்கழகத்துக்குள் நுழைய முடியாதவர்களைத் தேடிப் பல்கலைக்கழகமே ரயிலேறி வந்தது என்று சொல்லலாம்.

அங்கே ஒரு சிக்கல் எழுந்தது. ஓர் இளைஞர் முன்னிலையில் பெண்கள் எழுந்து நின்று கேள்வி கேட்பதும் பதில் சொல்வதும் அக்கால வழக்கத்துக்கு ஒத்து வரவில்லை. ஸ்டூவர்ட் ஒரு வழி கண்டார். ஒவ்வொரு விரிவுரையின் முடிவிலும் சில கேள்விகளை அச்சடித்துக் கொடுத்தார். வீட்டில் யோசித்து விடை எழுதி அஞ்சலில் அனுப்பலாம். அவர் திருத்தித் திருப்பி அனுப்புவார். எதிர்பார்த்ததைவிட அதிகமான விடைத்தாள்கள் வந்து குவிந்தன. கூச்சத்தைச் சமாளிக்கச் செய்த ஏற்பாடு, பாடத்தின் முக்கியமான பகுதியாகிவிட்டது.

மாட்டிவைத்த படங்கள்

இன்னொரு நிகழ்ச்சி ராச்டேல் என்ற நெசவாலை நகரத்தில் நடந்தது. 1844-இல் தொழிலாளர்கள் தங்கள் சொந்தக் காசைப் போட்டுக் கூட்டுறவுக் கடை திறந்து, உலகக் கூட்டுறவு இயக்கத்துக்கே வழிகாட்டிய ஊர் அது. தோட்டங்கள் துண்டாடப்பட்ட காலத்தில் துன் சம்பந்தன் 1960-இல் தொடங்கிய தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தை நினைவில் வைத்திருக்கும் நம் நேயர்களுக்கு, அந்த ராச்டேல் தொழிலாளர்களின் மனநிலையைப் புரிந்துகொள்வது கடினமல்ல.

அவர்களுக்கு ஸ்டூவர்ட் அறிவியல் விரிவுரை நடத்தினார்.  ஒருநாள், சுவரில் மாட்டிய விளக்கப் படங்களை அடுத்த வாரம் வரை அப்படியே விட்டுச் செல்ல அனுமதி கேட்டார். அடுத்த வாரம் வந்தபோது மண்டபக் காவலாளி ஒரு செய்தி சொன்னார். தொழிலாளர்கள் அந்தப் படங்களைப் பற்றி வாதாடிக்கொண்டிருந்தார்களாம். விரிவுரைக்கு முன்பாகவே சற்று வந்தால், அவர்கள் கேட்க வைத்திருக்கும் கேள்விகளுக்கு விளக்கம் சொல்லலாம் என்றார். ஸ்டூவர்ட் ஏற்றுக்கொண்டார். விரிவுரை தனி, கலந்துரையாடல் வகுப்பு தனி என்ற முறை அங்கே பிறந்தது.

இந்த இரண்டு அனுபவங்களையும் வைத்துக்கொண்டுதான் ஸ்டூவர்ட் பல்கலைக்கழகத்தை அணுகினார். கேம்பிரிட்ஜ் 1873-இல் நாட்டிங்ஹாம், டார்பி, லெஸ்டர் ஆகிய மூன்று ஊர்களில் தன் விரிவாக்க விரிவுரைகளைத் தொடங்கியது. வாரம் ஒன்றாகப் பன்னிரண்டு விரிவுரைகள், அச்சிட்ட பாடக் குறிப்பு, எழுத்துப் பயிற்சி, கலந்துரையாடல் வகுப்பு, விரும்புவோருக்கு இறுதித் தேர்வு என்பது அதன் அமைப்பு. 1878-இல் ஆக்ஸ்ஃபோர்டும் இறங்கியது. நூலகம் இல்லாத ஊர்களுக்கு விரிவுரையாளரோடு புத்தகப் பெட்டியும் போய்ச் சேர 1885-இல் ஏற்பாடு செய்தது. நாட்டிங்ஹாமில் இந்த விரிவுரைகளுக்குக் கிடைத்த வரவேற்பால் 1881-இல் அங்கே ஒரு கல்லூரியே திறக்கப்பட்டது. இன்றைய நாட்டிங்ஹாம் பல்கலைக்கழகத்தின் தொடக்கம் அதுதான். இப்பல்கலைக்கழகத்தின் மலேசிய வளாகம் செமினியில் இயங்குவது நம்மில் பலருக்குத் தெரியும்.

கூலி நின்றதும் பாடமும் நின்றது

இந்த முயற்சிக்கு ஒரு பலவீனமும் இருந்தது. விரிவுரைகளுக்கான செலவை அந்தந்த ஊர்க்குழுவே ஏற்க வேண்டும். அதனால் கட்டணம் வைத்தார்கள். வசதியுள்ள நடுத்தரக் குடும்பத்தினர் பகல் வகுப்புக்கு வந்தார்கள். யாருக்காகப் பாடம் தேவைப்பட்டதோ அந்தத் தொழிலாளர்கள் பல ஊர்களில் வெளியே நின்றார்கள்.

நார்த்தம்பர்லாந்து நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர்கள் இதற்கு விதிவிலக்கு. அவர்கள் கூலியிலிருந்து காசு சேர்த்து விரிவுரையாளர்களை வரவழைத்தார்கள். சுரங்கத்தில் வேலை செய்த சகோதரர் இருவர், ஐந்து மைல் தள்ளியிருந்த ஊருக்கு விரிவுரை கேட்க ரயிலில் போவார்கள். விரிவுரை முடியும் நேரத்தில் திரும்பி வர ரயில் இல்லை. மழையானாலும் இருட்டானாலும் வாரந்தோறும் நடந்தே வீடு திரும்பினார்கள். நாள் முழுவதும் பூமிக்கடியில் வேலை செய்தவர்கள் இவர்கள் என்பதை மறந்துவிடக் கூடாது.

1887-இல் அங்கே நீண்ட வேலைநிறுத்தம் வந்தது. கூலி நின்றது. விரிவுரைகளும் நின்றன. ஆர்வம் குறைந்ததால் அல்ல, கையில் காசு இல்லாததால் நின்றன. பெரியவர்களின் கல்வியைப் பற்றிப் பேசுகிறவர்கள் எல்லாரும் நினைவில் கொள்ள வேண்டிய ஆண்டு அது.

இந்தக் குறையைத் தீர்க்க முனைந்தவர் ஆல்பர்ட் மான்ஸ்பிரிட்ஜ். தச்சர் ஒருவரின் மகன். 14 வயதில் பள்ளியை விட்டு எழுத்தராக வேலைக்குப் போனவர். விரிவாக்க விரிவுரைகளைக் கேட்டே அறிவை வளர்த்துக்கொண்டவர். 1903-இல் அவரும் அவருடைய துணைவியார் பிரான்சிஸும் தொழிலாளர் கல்விச் சங்கத்தைத் தொடங்கினார்கள். அதற்கு முதல் நிதி, அந்த அம்மையார் வீட்டுச் செலவுக்கு வைத்திருந்த பணத்திலிருந்து எடுத்துக் கொடுத்த இரண்டரை ஷில்லிங்.

நூற்றுக்கணக்கானோர் உட்கார்ந்து கேட்டுவிட்டுக் கலைந்து போகும் விரிவுரை போதாது என்றார் மான்ஸ்பிரிட்ஜ். ஒரு வகுப்பில் சுமார் 30 பேர் இருந்தால் போதும். ஆனால் அவர்கள் தொடர்ந்து வர உறுதி தர வேண்டும். கட்டுரை எழுத வேண்டும். ஒவ்வொரு வகுப்பும் இரண்டு மணி நேரம். முதல் மணி நேரம் ஆசிரியர் பேசுவார். இரண்டாவது மணி நேரம் மாணவர்கள் பேசுவார்கள். ஆண்டுக்கு 24 வகுப்புகள் என மூன்று ஆண்டுகள் இப்படி நடக்கும்.

1908 ஜனவரியில் முதல் வகுப்புகள் தொடங்கின. ஆசிரியர் ஆர்.எச். டானி, கல்கத்தாவில் பிறந்தவர். பின்னாளில் பெயர்பெற்ற பொருளாதார வரலாற்றாசிரியர். வெள்ளிக்கிழமை மாலை லாங்டன் என்ற மண்பாண்டத் தொழில் நகரம். சனிக்கிழமை பிற்பகல் அதே ராச்டேல். வாரம் முழுவதும் ஆலையிலும் சூளையிலும் வேலை செய்தவர்கள் பென்சிலும் தாளுமாக வந்து உட்கார்ந்தார்கள். ஆசிரியர் சொன்னதைத் தலையாட்டி ஏற்றுக்கொள்ளவில்லை. கூலி எப்படி நிர்ணயிக்கப்படுகிறது என்று அவர் புத்தகத்திலிருந்து சொன்னால், எங்கள் ஆலையில் அப்படி நடப்பதில்லையே என்று மறுத்தார்கள். டானி 1912-இல் தம் முதல் பெரிய ஆய்வு நூலை வெளியிட்டபோது, நெசவாளர்களும் குயவர்களும் சுரங்கத் தொழிலாளர்களும் பொறித் தொழிலாளர்களும் தந்த நட்பான குட்டுகளிலிருந்து புத்தகங்களில் எளிதில் கிடைக்காத பலவற்றைக் கற்றுக்கொண்டதாக முன்னுரையில் நன்றி சொன்னார். விரிவுரை இருவழிப் பாதையானதற்கு இதைவிட நல்ல சான்று வேண்டியதில்லை.

லாங்டன் மாணவர்கள் அத்தோடு நிற்கவில்லை. 1911-இல் சுற்றுவட்டாரச் சுரங்கக் கிராமங்களுக்குப் போய்த் தாங்கள் கற்றதைத் தாங்களே கற்பிக்கத் தொடங்கினார்கள். அந்த வட்டாரத்தில் வளர்ந்த கல்வி ஆர்வமே, நாற்பது ஆண்டுகளுக்குள் அங்கே ஒரு பல்கலைக்கழகக் கல்லூரி எழக் காரணமானது. 1950-இல் திறக்கப்பட்ட அந்தக் கல்லூரிதான் இன்று கீல் பல்கலைக்கழகம். வெள்ளிக்கிழமை மாலை வகுப்பு ஒன்று, இரண்டு தலைமுறையில் பல்கலைக்கழகமானது.

நம் ஊரில்

இன்று நிலைமை மாறிவிட்டது. விரிவுரையைத் தேடி ஐந்து மைல் நடக்க வேண்டியதில்லை. பிரிட்டனின் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் 1971 முதல் 2006 வரை பாடங்களைத் தொலைக்காட்சியிலேயே ஒளிபரப்பியது. நம் நாட்டில் மலேசிய அறிவியல் பல்கலைக்கழகம் 1971-லேயே வெளிவளாகக் கல்வியைத் தொடங்கியது. புத்ரா பல்கலைக்கழகம் 2007-இல் மூத்தோருக்கான வாழ்நாள் கல்வித் திட்டத்தைத் தொடங்கியது. சிங்கப்பூர் அரசாங்கம் 2016 முதல், 25 வயதான ஒவ்வொரு குடிமகனுக்கும் குறுகிய காலப் பயிற்சிக்கென 500 வெள்ளி வழங்கியது. 2024-இல் 40 வயதைத் தாண்டியவர்களுக்கு மேலும் 4,000 வெள்ளி கொடுத்தது. உலகின் சிறந்த பேராசிரியர்கள் கைத்தொலைபேசியிலேயே பாடம் நடத்துகிறார்கள்.

ஆனால், இணையத்தில் இலவசப் பாடங்களில் சேர்ந்தவர்களில் பெரும்பாலோர் அவற்றை முடிப்பதில்லை. பேராசிரியரின் பேச்சில் குறையில்லை. முதல் மணி நேரம் தாராளமாகக் கிடைக்கிறது. இரண்டாவது மணி நேரம்தான் கிடைப்பதில்லை. எழுதியதைத் திருத்தித் தர ஆள் இல்லை. வாதாடப் பக்கத்தில் தோழர் இல்லை. இந்த வாரம் ஏன் வரவில்லை என்று விசாரிக்க எவரும் இல்லை.

நம் அமைப்புகள் நடத்தும் சொற்பொழிவுகளையும் நேர்மையாகப் பார்க்க வேண்டும். தமிழ்நாட்டிலிருந்து பேராசிரியர் வருகிறார். இறைவாழ்த்து, வரவேற்புரை, தலைமையுரை, வாழ்த்துரை எல்லாம் முடிந்து அவர் பேச எழும்போதே நேரம் பாதி போய்விடுகிறது. அருமையாகப் பேசுகிறார். கைதட்டுகிறோம். பொன்னாடை, நினைவுப் பரிசு, நன்றியுரை, தேநீர். கேள்வி நேரம் மட்டும் 'நேரமின்மை காரணமாக' விடுபட்டுவிடுகிறது. கேள்வி என்ற சொல்லின் ஒரு பொருளை வைத்துக்கொண்டு மற்றொன்றை வாசலிலேயே விட்டுவிடுகிறோம்.

இதனால் இழப்பு யாருக்கு? பட்டம் பெற்றவர்களுக்குப் பெரிய இழப்பில்லை. அவர்களுக்குக் கேட்கவும் தேடவும் வேறு இடங்கள் உண்டு. தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் ஆறாம் வகுப்போடு நின்று, தம்பி தங்கைகளைப் படிக்க வைத்து, இன்று அறுபதைத் தாண்டி மண்டபத்தின் கடைசி வரிசையில் உட்கார்ந்திருக்கும் அம்மாவும் ஐயாவும்தான் இழக்கிறார்கள். பால் மரம் வெட்டியவருக்கு ரப்பர் விலை ஏன் விழுந்தது என்பதில் கேள்வி இருக்கும். அதற்குப் பேராசிரியரிடம் விடை இருக்கலாம். விடையோடு, பேராசிரியர் அறியாத ஓர் அனுபவம் கேட்பவரிடமும் இருக்கும். அது வெளியே வர ஒரு மணி நேரம் ஒதுக்கினால் போதும்.

அதற்குப் பெரிய செலவும் இல்லை. நம் நாட்டுப் பல்கலைக்கழகங்களில் தமிழறிந்த விரிவுரையாளர்கள் இருக்கிறார்கள். ஆண்டுக்கு ஒரு பெரிய விழாவுக்குப் பதிலாக, ஒரே பொருளில் ஆறு வாரம் ஒருவரை அழைக்கலாம். ஆலய மண்டபமோ தமிழ்ப்பள்ளி வகுப்பறையோ போதும். இருபது பேர் வந்தாலும் குறைவில்லை. ஒரு தாளில் பாடக் குறிப்பும் மூன்று கேள்விகளும் கொடுக்கலாம். எழுத வராதவர் சொல்லச் சொல்லப் பேரப்பிள்ளை எழுதித் தரட்டும். கட்டணம் வைத்தால், காசில்லை என்று ஒருவரும் திரும்பிப் போகாதபடி பார்த்துக்கொள்ளட்டும். பாடம் முடிந்ததும் மின்விசிறியை நிறுத்தாமல் இன்னும் ஒரு மணி நேரம் மண்டபத்தைத் திறந்து வைக்கட்டும்.

ராச்டேல் மண்டபக் காவலாளிக்கு ஒரு பட்டமும் இல்லை. ஆனால், தொழிலாளர்கள் படங்களின் முன் நின்று என்ன பேசினார்கள் என்று கவனித்து ஆசிரியரிடம் சொன்னவர் அவர். நம் சங்கங்களின் செயலாளர்கள் அடுத்த சொற்பொழிவில் அந்த வேலையைச் செய்தால் போதும். நிகழ்ச்சி நிரலில் கேள்வி நேரத்தை நன்றியுரைக்கு முன்னால் எழுதி, அதை அடிக்காமல் விடட்டும். கடைசி வரிசையில் ஒரு கை உயரும்.