பேய் யார் கையில் இருக்கின்றது?

(இராயபுரத்தில் பேசியதன் சுருக்கம்)



இன்று பேயைப் பற்றிப் பேசப்போகின்றோம் என்றதும் சிலர் சிரிக்கின்றீர்கள். சிலர் பிள்ளையை மடியில் இழுத்து வைத்துக் கொள்ளுகின்றீர்கள். இரு சாராருக்கும் சொல்ல நம்மிடம் சங்கதி உண்டு.

அமெரிக்காவில் 1984-ல் "கோஸ்ட்பஸ்டர்ஸ்" என்று ஒரு வேடிக்கைப் படம் வந்தது. பேய் பிடிப்பதையே கம்பெனி வியாபாரமாக நடத்துகின்றவர்களின் கதை அது. 1986-ல் அதையே மேஜையைச் சுற்றி உட்கார்ந்து ஆடும் விளையாட்டாக்கி விற்றார்கள். ஒருவர் கதை நடத்துவார். மற்றவர்கள் கம்பெனி ஆட்களாகப் பாவித்துப் பேசுவார்கள். மூளை, உடல்பலம், சுறுசுறுப்பு, பதறாத தன்மை என நான்கிற்கும் ஆளுக்கு ஆள் எண் உண்டு. காரியம் பலிக்குமா என்பதைப் பகடை சொல்லும். பகடைகளில் ஒன்றில் ஆறுக்குப் பதிலாகப் பேய் உருவம் அச்சிட்டிருக்கும். அது விழுந்தால் ஏதாவதொரு கோளாறு வரும், எல்லோரும் சிரிப்பார்கள்.

கவனியுங்கள்! அந்தப் பேய், கதை நடத்துகின்றவர் சொல்லுவதைத் தவிர வேறொன்றும் செய்யாது. அவர் வாயை மூடினால் பேயும் மூடிக்கொள்ளும். நம்மூர்ப் பேய் மட்டும் வேறா? உடுக்கை அடிக்கின்றவன் கேட்டால்தான் அது பேசுகின்றது. கேட்பதோ கோழி, சாராயம், சுருட்டு. பூசாரிக்குப் பிடிக்காத பண்டத்தைக் கேட்ட பேயை உங்களில் எவராவது கண்டதுண்டா?

"வெள்ளைக்காரனிலும் பேயை நம்புகின்றவன் இல்லையா?" என்று கேட்பீர்கள். தாராளமாக இருக்கின்றான். இவ்வகை விளையாட்டில் முதலாவதாக 1974-ல் வந்த "டஞ்சன்ஸ் அண்டு டிராகன்ஸ்" பிள்ளைகளைச் சாத்தானிடம் சேர்த்துவிடும் என்று 1980-களில் அந்நாட்டு மதபக்தர்கள் கூச்சலிட்டார்கள். மூடத்தனம் எந்தத் தேசத்துக்கும் தனிச் சொத்தல்ல.

வைகுண்ட ஏகாதசி இரவில் கண்விழித்துப் பரமபதம் ஆடுகின்றீர்களே, பாம்பு கடித்துவிட்டதென்று மறுநாள் எவராவது வைத்தியரிடம் ஓடினதுண்டா? இல்லை. அது காகிதப் பாம்பென்று தெரியும். அந்த அறிவை உடுக்கைச் சத்தம் கேட்டதும் எங்கே அடகு வைக்கின்றீர்கள் என்பதே நம் கேள்வி.

திருவொற்றியூரில் நமக்குத் தெரிந்த துறைமுகக் கூலித் தோழர் ஒருவர். பிள்ளை பெற்ற பத்தாம் நாள் அவர் மனைவி தூக்கமின்றித் தானே பேச ஆரம்பித்தாள். பேயென்று வேப்பிலையால் அடித்தார்கள். ஒரு மாதக் கூலி போயிற்று. தாயின் முதுகில் தழும்பும், குழந்தைக்குப் பட்டினியும் மிஞ்சின. பிறகுதான் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனார்கள். இது பிரசவத்திற்குப் பின் சிலருக்கு வருகின்ற நோய், மருந்துண்டு என்றார் டாக்டர். இன்று அந்த அம்மாள் பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்புகின்றாள்.

எல்லோருக்கும் அப்படி வாய்க்கவில்லை. இராமநாதபுரம் ஜில்லா ஏர்வாடியில் 2001 ஆகஸ்ட் 6-ந் தேதி, மனநோயாளிகளை வைத்திருந்த தனியார் விடுதியொன்றில் தீப்பிடித்தது. சங்கிலியால் கட்டப்பட்டிருந்தவர்கள் ஓடமுடியாமல் 28 பேர் மாண்டார்கள். கொன்றது பேயா, சங்கிலியா? அதன் பிறகுதான் அப்படிப்பட்ட விடுதிகளைச் சர்க்கார் மூடிற்று. இதில் இந்த மதம், அந்த மதம் என்ற பேச்சே வேண்டாம். உடுக்கையானாலும் தாயத்தானாலும் ஜெபத் தண்ணீரானாலும் நோயாளிக்கு ஒன்றேதான்.

அமெரிக்க விளையாட்டில் ஆட்டம் முடிந்ததும் பகடையைப் பெட்டியில் போட்டுவிட்டுச் சிரித்துக்கொண்டே வீட்டிற்குப் போகின்றார்கள். இங்கேயோ விளையாட்டென்று சொல்லாமலே ஆடுகின்றார்கள். தோற்கின்றவர்கள் நம் பெண்டு பிள்ளைகள்.

ஆகவே தோழர்களே, பேயை ரசிக்க வேண்டுமானால் கதையாக ரசியுங்கள். நாமும் கூடச் சிரிக்கின்றோம். ஆனால் வீட்டில் ஒருவருக்குப் புத்தி தடுமாறினால் ஸ்டான்லி ஆஸ்பத்திரி பக்கத்தில் இருக்கின்றது. 1794-ல் தொடங்கிய மனநோய் ஆஸ்பத்திரி கீழ்ப்பாக்கத்தில் இருக்கின்றது. முதல் நாளே அங்கே போங்கள். பூசாரி வந்தால் ஒன்று மட்டும் கேளுங்கள்: "பேய் போகாவிட்டால் பணம் திரும்பி வருமா? ரசீது தருவாயா?" என்று. பேய் போகின்றதோ இல்லையோ, அவன் போய்விடுவான்.